வரி நோட்டீஸ் முதல் தீர்ப்பாயம் வரை: லாங் பஜார் வியாபாரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர் லாங் பஜாரில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கலாம். பேரணாம்பட்டில் தோல் வாங்கி விற்கலாம். ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் சிறு யூனிட் நடத்தலாம். எதுவானாலும் ஒருநாள் வணிகவரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வரும். அதில் இருக்கும் தொகையைப் பார்த்ததும் இரண்டில் ஒன்று நடக்கிறது: ஒன்று, பயந்துபோய் முழுவதையும் கட்டிவிடுகிறோம்; அல்லது, ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். இரண்டுமே நஷ்டம்தான்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: முறைப்படி எதிர்த்து வாதாடுவது. அதை முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை சேர்ந்தே நடந்து பார்ப்போம். சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பில்களை ஒழுங்காக வைத்திருந்தால், தேதிகளை மறக்காமல் இருந்தால் போதும்.

முதலில் ஒரு தைரியம்

இந்த வட்டாரத்துக்கு நெருக்கமான தோல் வியாபாரத்தில் இது புதிய பாதை இல்லை. வெளிமாநிலத்திலிருந்து வந்த பதனிட்ட தோலுக்கு ஒரு கணக்கு, உள்ளூரில் பதனிட்ட தோலுக்கு இன்னொரு கணக்கு என்று அன்றைய மதராஸ் மாநிலம் விற்பனை வரி போட்டது. மெஹ்தாப் மஜீத் அண்ட் கம்பெனி என்ற தோல் வியாபார நிறுவனம் அதை எதிர்த்தது. 1962-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி பாரபட்சமானது, அரசியல் சட்டத்தின் 304-வது பிரிவுக்கு முரணானது என்று ரத்து செய்தது. வரி வழக்குகளில் இன்றும் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள்.

வாட் வழக்கா, ஜி.எஸ்.டி. வழக்கா?

முதலில் பார்க்க வேண்டியது, நோட்டீஸ் எந்தக் காலத்துக்கானது என்பதை.

2007 ஜனவரி 1 முதல் 2017 ஜூன் 30 வரையிலான வியாபாரம் தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரிச் சட்டம் 2006-க்கு உட்பட்டது. இதைத்தான் நாம் வாட் என்கிறோம். அந்தக் காலத்து மதிப்பீட்டை எதிர்க்க, முதலில் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளில் போக வேண்டும். அங்கே தோற்றால் 60 நாளுக்குள் விற்பனை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அதன் பிறகு உயர் நீதிமன்றம். வாட் முடிந்துபோனாலும் பழைய வழக்குகள், அவற்றைத் தொடர வழிவிடும் சட்டப் பிரிவின்படி உயிரோடுதான் இருக்கின்றன. 2023 அக்டோபரில் தமிழக அரசு கொண்டுவந்த சமாதானத் திட்டத்தில் ரூ.50,000-க்கு உட்பட்ட பழைய நிலுவைகள் முழுவதுமாகத் தள்ளுபடி ஆயின. உங்கள் பெயரில் அப்படி ஏதும் தள்ளுபடி ஆகியிருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

2017 ஜூலை 1 முதல் நடந்ததெல்லாம் ஜி.எஸ்.டி. இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது இதுதான் என்பதால், இனி இந்தப் பாதையிலேயே போவோம்.

நோட்டீஸ் எங்கே ஒளிந்திருக்கும்?

தபால்காரர் கொண்டுவருவார் என்று காத்திருக்காதீர்கள். ஜி.எஸ்.டி. போர்ட்டலில் ஏற்றினாலே சேர்ப்பித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. லாகின் செய்து ‘சர்வீசஸ்’, அதில் ‘யூசர் சர்வீசஸ்’ போனால் இரண்டு இடங்கள் தெரியும்: ‘வியூ நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்’ ஒன்று, ‘வியூ அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்’ இன்னொன்று. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று மூடிவிடுகிறவர்கள் ஏராளம். மதிப்பீட்டு நோட்டீஸ்கள் பல நேரம் இரண்டாவதில்தான் கிடக்கும்.

அடிஷனல் பகுதியில் கிடந்த உத்தரவு வியாபாரிக்குத் தெரியவே இல்லை என்ற வழக்குகளில், தொகையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, உத்தரவை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு முறை அல்ல, பல முறை. ஆனால் அதற்கு ரிட் செலவு ஆகும், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. வாரம் ஒரு நாள் இரண்டு இடங்களையும் திறந்து பார்ப்பதற்குச் செலவே இல்லை.

போர்ட்டலில் பதிவான கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதா, பழைய கணக்குப்பிள்ளையுடையதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

எந்தக் காகிதம் என்ன சொல்கிறது?

படிவத்தின் பெயரே நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று காட்டிவிடும்.

ஏ.எஸ்.எம்.டி.-10: உங்கள் ரிட்டர்னில் ஏதோ பொருந்தவில்லை, விளக்கம் கொடுங்கள் என்கிறது. இங்கேயே முடித்துவிட்டால் மிச்சம் எல்லாம் லாபம்.

டி.ஆர்.சி.-01: இதுதான் காரணம் கேட்கும் நோட்டீஸ். பதில் டி.ஆர்.சி.-06-ல் போகும்.

டி.ஆர்.சி.-07: உத்தரவின் சுருக்கம். வரி, வட்டி, அபராதம் என்று அட்டவணையாக இருக்கும். இது வந்துவிட்டால் மேல்முறையீட்டுக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பணம் கட்டக் கொடுக்கும் அவகாசமும் 3 மாதம். அது தாண்டினால் வங்கிக் கணக்கை முடக்கி வசூலிக்க முடியும்.

எந்தப் பிரிவு என்று பார்த்தீர்களா?

தொகைக்கு அடுத்தபடியாக முக்கியமானது பிரிவு எண்தான். அபராதத்தின் அளவு அதைப் பொறுத்தது.

2023-24 நிதியாண்டு வரை: பிரிவு 73 என்றால் ஏமாற்று நோக்கம் இல்லை என்று அர்த்தம். அபராதம் வரியில் 10 சதவீதம் அல்லது ரூ.10,000, எது அதிகமோ அது. நோட்டீஸ் வந்த 30 நாளில் வரியையும் வட்டியையும் கட்டினால் அபராதம் இல்லை. பிரிவு 74 என்றால் மோசடி, மறைப்பு என்ற குற்றச்சாட்டு. வரிக்குச் சமமான அபராதம், அதாவது 100 சதவீதம்.

2024-25 முதல் இரண்டையும் இணைத்து 74-ஏ என்ற பிரிவு. நோட்டீஸுக்குப் பின் அபராதத் தள்ளுபடிக்கான அவகாசம் அதில் 60 நாள்.

நோட்டீஸில் மோசடிக்கு எந்த ஆதாரமும் இல்லாமல் 74 போட்டிருந்தால், அதுவே நமது முதல் வாதம். மோசடி நிரூபணமாகவில்லை என்று மேல்முறையீட்டில் முடிவானால், வரியை 73-ன் கீழ் கணக்கிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

தோல் தொழிலில் நோட்டீஸ் வரும் இடங்கள்

ஐ.டி.சி. பொருந்தாமை: நாம் 3-பி ரிட்டர்னில் எடுத்த உள்ளீட்டு வரிக்கும் 2-பி-யில் தெரிவதற்கும் வித்தியாசம். விற்றவர் ரிட்டர்ன் போடாமல் விட்டிருப்பார், அல்லது அவருடைய பதிவு முன்தேதியிட்டு ரத்தாகியிருக்கும்.

ஜாப் ஒர்க்: டேனரிக்கோ தையல் யூனிட்டுக்கோ அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வர வேண்டும். வரவில்லை என்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். இங்கே ஒரு நுணுக்கம். பச்சைத் தோல் போகும்போது எண்ணிக்கையில் போகிறது. ஃபினிஷ்ட் தோல் திரும்பும்போது சதுர அடியில் வருகிறது. சலானில் ‘200 பீஸ்’ என்றும் திரும்பிய சலானில் சதுர அடி மட்டும் என்றும் இருந்தால், அதிகாரிக்கு 200 பீஸும் காணாமல் போன மாதிரிதான் தெரியும். திரும்பும் சலானில் பீஸ் எண்ணிக்கையையும் சதுர அடியையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி பின்னால் லட்சங்களைக் காப்பாற்றும்.

வரி விகிதம்: காலணிக்கு விலை வரம்பு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி ரூ.2,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. பழைய ஆண்டுக்கான நோட்டீஸ் என்றால் அந்த ஆண்டின் விகிதத்தையே பார்க்க வேண்டும், இன்றைய விகிதத்தை அல்ல.

படி 1: பதில் எழுதுவது

வழக்கின் அஸ்திவாரம் இதுதான். தீர்ப்பாயத்தில் ஜெயிக்கிற வழக்கை டி.ஆர்.சி.-01-க்குப் பதில் எழுதும் மேஜையில்தான் தயார் செய்கிறோம். காரணம், கீழே காட்டாத ஆதாரத்தை மேலே போய்க் காட்ட விதி 112 சாதாரணமாக அனுமதிப்பதில்லை. அதிகாரி வாங்க மறுத்தார், அல்லது தகுந்த காரணத்தால் அப்போது கொடுக்க முடியவில்லை என்று நிரூபித்தால்தான் உண்டு.

எனவே பதிலோடு எல்லாவற்றையும் இணைப்போம்: பில், இ-வே பில், லாரி ரசீது, எடைச் சீட்டு, வங்கி வழியாகப் பணம் போன ஸ்டேட்மென்ட், சரக்கு வரவுப் பதிவேடு. விற்றவர் வரி கட்டவில்லை என்பது புகார் என்றால், சரக்கு உண்மையாகவே நம்மிடம் வந்தது என்பதற்கான சான்றுகள்தான் உயிர். விற்றவரை விசாரிக்காமல் வாங்கியவர் மீது மட்டும் நடவடிக்கை எடுத்ததை, டி.ஒய். பீத்தல் என்டர்பிரைசஸ் என்ற ரப்பர் ஷீட் வியாபாரிகள் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 பிப்ரவரியில் ஏற்கவில்லை. உத்தரவை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது.

2017-18, 2018-19 ஆண்டுகளின் ஐ.டி.சி. வித்தியாசத்துக்கு 2022 டிசம்பரில் வந்த 183-ம் எண் சுற்றறிக்கை கைகொடுக்கும். ஒரு விற்பனையாளரிடம் வித்தியாசம் ரூ.5 லட்சம் வரை என்றால் அவருடைய சான்றிதழ் போதும். அதற்கு மேல் என்றால் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் அல்லது காஸ்ட் அக்கவுன்டன்ட் சான்றிதழ் வேண்டும்.

பதிலின் கடைசியில் ‘நேரடி விசாரணை வேண்டும்’ என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டும் தராமல் உத்தரவு போட்டால், பிரிவு 75(4) மீறல் என்பது மேலே வலுவான வாதம். விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், ஆனால் மூன்று முறைக்கு மேல் இல்லை.

படி 2: முதல் மேல்முறையீடு

எங்கே: உத்தரவு போட்டவருக்கு மேலுள்ள மேல்முறையீட்டு அதிகாரி. படிவம் ஏ.பி.எல்.-01, போர்ட்டல் வழியாகவே.

எப்போது: உத்தரவு சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 1 மாதம். அதற்குப் பிறகு மன்னிக்க அவருக்கு அதிகாரமே இல்லை.

எவ்வளவு: தனிக் கட்டணம் இல்லை. ஆனால் நாம் ஒப்புக்கொள்ளும் பகுதியை வரி, வட்டி, அபராதத்தோடு முழுவதும் கட்ட வேண்டும். மறுக்கும் வரியில் 10 சதவீதம் முன்வைப்பு. இதைக் கட்டிவிட்டால் மீதி வசூல் தானாக நிற்கும். வரி இல்லாமல் அபராதம் மட்டும் விதித்த உத்தரவு என்றால், 2025 அக்டோபர் 1 முதல் அபராதத்தில் 10 சதவீதம்.

என்ன எழுதுவது: முதலில் நடந்ததைத் தேதி வரிசையில் சொல்லுங்கள். அடுத்து வாதங்களை எண் போட்டு, ஒரு வாதத்துக்கு ஒரு பத்தி. நோட்டீஸில் கேட்டதைவிட அதிகமாக உத்தரவில் போட்டிருக்கிறார்களா என்று ஒப்பிடுங்கள். பிரிவு 75(7) அதைத் தடுக்கிறது. கூட்டல் பிழை, ஒரே தொகை இரண்டு முறை வந்தது போன்ற கண்ணுக்குத் தெரியும் தவறுகள் என்றால், மேல்முறையீட்டுக்கு முன் பிரிவு 161-ன் கீழ் திருத்த மனு போடலாம். ஆனால் அதை நம்பி 3 மாதத்தைக் கடத்திவிடாதீர்கள்.

மேல்முறையீட்டு அதிகாரி உத்தரவைக் குறைக்கலாம், ரத்து செய்யலாம். நோட்டீஸ் கொடுத்துவிட்டு அதிகமாக்கவும் செய்யலாம். வழக்கைத் திரும்பக் கீழே அனுப்ப மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லை.

படி 3: தீர்ப்பாயம்

ஜி.எஸ்.டி. வந்து எட்டு ஆண்டுகள் இந்தப் படியே இல்லாமல் இருந்தது. முதல் மேல்முறையீட்டில் தோற்றவர்கள் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் போட்டார்கள், அல்லது காத்திருந்தார்கள். ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பர் 24 அன்று டெல்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. முதன்மை அமர்வு டெல்லியில். தமிழ்நாட்டுக்குச் சென்னை, மதுரை, கோவை என்று இடங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. நமக்குப் பக்கம் சென்னைதான். காட்பாடியில் ரயில் ஏறினால் காலை விசாரணைக்குப் போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம்.

எப்போது: முதல் மேல்முறையீட்டு உத்தரவு கிடைத்து 3 மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 3 மாதம் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். தீர்ப்பாயம் இல்லாத காலத்தில் தேங்கியவற்றுக்குத் தனி ஏற்பாடு: 2026 ஏப்ரல் 1-க்கு முன் கிடைத்த உத்தரவுகளுக்கு 2026 ஜூன் 30 கடைசி நாள் என்று 2025 செப்டம்பர் 17 தேதியிட்ட அறிவிப்பு சொன்னது.

எவ்வளவு: முதல் படியில் கட்டிய 10 சதவீதம் போக, மறுக்கும் வரியில் மேலும் 10 சதவீதம். முன்பு 20 ஆக இருந்ததைக் குறைத்திருக்கிறார்கள். இதோடு கட்டணம்: லட்சத்துக்கு ரூ.1,000, குறைந்தது ரூ.5,000, அதிகபட்சம் ரூ.25,000.

எப்படி: தீர்ப்பாயத்துக்குத் தனி இ-ஃபைலிங் போர்ட்டல் இருக்கிறது. படிவம் ஏ.பி.எல்.-05. கீழ் உத்தரவுகள் இரண்டும், நோட்டீஸ், நமது பதில், ஆதாரங்கள் எல்லாம் பக்க எண் போட்டு வரிசையாக ஸ்கேன் செய்ய வேண்டும். தமிழில் உள்ள சீட்டுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். கையெழுத்தில் எழுதிய வரவு-செலவு நோட்டு உங்களிடம் இருந்தால், இந்த வேலைக்கு ஒரு வாரத்தைத் தனியாக ஒதுக்குங்கள்.

யார் வாதாடலாம்: நீங்களே வாதாடலாம். வழக்கறிஞர், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், காஸ்ட் அக்கவுன்டன்ட், கம்பெனி செக்ரட்டரி, ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் ஆகியோருக்கும் உரிமை உண்டு. உறவினரோ, கடையின் நிரந்தர ஊழியரோகூட அதிகாரம் பெற்று நிற்கலாம்.

தொகை ரூ.50 லட்சத்துக்கு மிகாமல், சட்டக் கேள்வி இல்லாமல் இருந்தால் ஒற்றை உறுப்பினரே விசாரிக்கலாம். தொகை ரூ.50,000-க்கு மிகாவிட்டால் மேல்முறையீட்டை ஏற்க மறுக்கவும் தீர்ப்பாயத்துக்கு உரிமை உண்டு. உண்மைகளைப் பற்றிய வாதத்துக்கு இதுவே கடைசி இடம். இதற்கு மேல் உயர் நீதிமன்றம் முக்கியமான சட்டக் கேள்வியை மட்டும்தான் பார்க்கும். அதற்கு 180 நாள் அவகாசம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பிரிவு 73-ல் ரூ.6 லட்சம் வரி கேட்டு உத்தரவு. அபராதம் 10 சதவீதம், ரூ.60,000. வட்டி 18 சதவீதத்தில் தனி. ஆராய்ந்து பார்த்ததில் ரூ.1 லட்சம் நமது தவறுதான் என்று தெரிகிறது.

முதல் மேல்முறையீடு: ஒப்புக்கொண்ட ரூ.1 லட்சம், அதற்கான வட்டி, ரூ.10,000 அபராதம். மறுக்கும் ரூ.5 லட்சத்தில் 10 சதவீதம், ரூ.50,000.

தீர்ப்பாயம்: மேலும் ரூ.50,000. கட்டணம் ரூ.5,000, போர்ட்டல் கணக்கிட்டுக் காட்டும் தொகையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஜெயித்தால் முன்வைப்பு இரண்டும் வட்டியோடு திரும்ப வரும். கையில் ரொக்கம் குறைவு என்றால், ஐ.டி.சி. இருப்பிலிருந்தே முன்வைப்பைக் கட்டலாம் என்று யாஷோ இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது.

மேலே உள்ளதில் சேராத ஒன்று வக்கீல் அல்லது ஆடிட்டர் ஃபீஸ். அதை முன்னதாகவே, எந்தப் படி வரை என்ற விவரத்தோடு எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

உஷார்!

உத்தரவு போட்ட அதிகாரியிடம் நேரில் போய்ப் பேசுவதில் தவறில்லை. ஆனால் ‘பார்த்துக்கலாம்’ என்ற வாய்வார்த்தையை நம்பி தேதியை விடாதீர்கள்.

பயத்தில், தானாக முன்வந்து கட்டும் டி.ஆர்.சி.-03 படிவத்தில் கட்டினால், எதிர்ப்புடன்தான் கட்டுகிறோம் என்பதைக் கடிதமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இல்லையென்றால் ஒப்புக்கொண்டுதான் கட்டினார் என்று வாதம் வரும்.

தோற்கும் என்று தெரிந்த பகுதிக்காகச் சண்டை போடாதீர்கள். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தவறான பகுதியைக் கட்டிவிட்டு, சரியான பகுதிக்கு மட்டும் வாதாடினால் வழக்கின் நம்பகத்தன்மையே கூடும்.

உள்ளே ஆளைத் தெரியும், முடித்துத் தருகிறேன் என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஏ.ஆர்.என். என்ற போர்ட்டல் ஒப்புகை எண் வராத வேலை எதுவும் வேலையே இல்லை.

இன்றே செய்ய வேண்டியது

போர்ட்டலைத் திறந்து இரண்டு நோட்டீஸ் பகுதிகளையும் பாருங்கள். இருந்தால் பதிவிறக்கம் செய்து, சேர்ந்த தேதியையும் அதிலிருந்து 3 மாதம் முடியும் தேதியையும் கடைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்துவிடுங்கள். அந்த ஆண்டின் பில்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று தேடி எடுத்து வையுங்கள். வலுவான வழக்குகூட மூன்றே மாதத் தாமதத்தில் செத்துப்போகும். சாதாரண வழக்கு நல்ல காகிதங்களால் பிழைத்துக்கொள்ளும்.